கைமாறி வந்த செடிக்குக் கைம்மாறு

கேள்வியின் சுருக்கம் இது. சிங்கப்பூரின் பொங்கோலில் புதிதாக வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்த ஒருவருக்குப் பக்கத்து வீட்டு மலாய் மூதாட்டி கற்பூரவல்லிக் கிளை ஒன்றைக் கொடுத்திருக்கிறார். புளோக்கின் கீழே இருக்கும் சமூகத் தோட்டத்துச் சீனப் பெரியவர் வல்லாரை கொடுத்தார். கோயிலில் பழக்கமான அக்கா துளசியும் தூதுவளையும் கொடுத்தார். இவற்றைக் காரிடாரில் எப்படிக் காப்பாற்றுவது, வீட்டில் சளி இருமலுக்கு எப்படி, எவ்வளவு பயன்படுத்துவது, கொடுத்தவர்களுக்குப் பதிலுக்கு என்ன செய்வது?

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், மற்ற இரண்டும் அதற்குள்தான் இருக்கின்றன. மூலிகையைப் பறிக்குமுன் அதை வணங்கி, மந்திரம் சொல்லிச் சாபநிவர்த்தி (சாபம் நீக்குதல்) செய்வது சித்த மருத்துவ மரபு. மந்திரத்தை நம்புகிறோமோ இல்லையோ, பறிக்கிற கை ஒரு நொடி நிற்க வேண்டும் என்பது அதிலிருக்கும் காரியம்: இது நான் தேடிய செடிதானா, எவ்வளவு வேண்டும், வேரோடு போகுமா, கிளையோடு நிற்குமா? கிளை கொடுத்தவரிடமும் அப்படி ஒரு நொடி நின்று பேசுங்கள். "இதை நீங்கள் எதற்குப் பயன்படுத்துவீர்கள்?" என்று கேளுங்கள். கற்பூரவல்லியை அந்த மூதாட்டி 'பங்குன் பங்குன்' என்று சொல்லக்கூடும். சுமத்ராவின் பாத்தாக் மக்கள் அதைப் பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கச் சமைத்துக் கொடுக்கிறார்கள். நம் வீடுகளில் அது பிள்ளையின் சளிக்கு. நாம் துவையல் அரைக்கும் வல்லாரை மலாய்க்காரர்களுக்குப் 'பெகாகா', சம்பலோடு பச்சையாகத் தின்னும் உலாம். செடியோடு பெயரையும் பழக்கத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டால்தான் பாதிச் செடியோடு திரும்பாமல் இருப்பீர்கள்.

அடுத்தது, கைக்கு வந்தது சொன்ன செடிதானா என்று பார்ப்பது. அன்பாகக் கொடுத்தார்கள் என்பதற்காக அடையாளம் சரியாகிவிடாது. வல்லாரை இலை சிறுநீரக வடிவில் இருக்கும், காம்பு சேரும் இடத்தில் ஒரு வெட்டு இருக்கும். காம்பு குடைக்கம்பியைப் போல இலையின் நடுவில் குத்தி நின்றால் அது அழகுக்காகக் குளத்தோரம் வளர்க்கும் வேறு செடி, துவையலுக்கு ஆகாது. துளசித் தண்டில் மெல்லிய மயிர் இருக்கும், கசக்கினால் கிராம்பு வாசம் வரும். தண்டு வழவழப்பாக, ஊதாவாக, சோம்பு வாசத்தோடு இருந்தால் சந்தையில் விற்கும் தாய்லாந்துத் துளசி. சமைக்க நல்லது, கஷாயத்துக்கு இதை யாரும் சொல்லவில்லை. வெற்றிலை என்று கொடுப்பது சில சமயம் அதே சாயலில் இருக்கும் 'காடோக்' செடியாக இருக்கும். வெற்றிலை கணுவில் வேர்விட்டுச் சுவரைப் பிடித்து ஏறும், காடோக் தரையோடு படரும். கீழாநெல்லி சிங்கப்பூரில் தொட்டிக்குத் தொட்டி தானாக முளைக்கும் களை, மலாயில் 'டுக்கோங் அனாக்'. இலைக்காம்பின் அடியில் வரிசையாகக் காய் தொங்க வேண்டும். ஒடித்தால் பால் வந்தால் அது கீழாநெல்லி இல்லை, தூக்கிப் போடுங்கள்.

இனி காரிடார். சட்டம் முதலில், ஏனென்றால் செடி செத்தால் இன்னொரு கிளை கிடைக்கும், அண்டைவீட்டாரோடு மனஸ்தாபம் வந்தால் அது லேசில் ஆறாது. நடைபாதையில் 1.2 மீட்டர் அகலம் தடையின்றி இருக்க வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் விதி. தீ விபத்தின்போது தூக்குப்படுக்கை போகிற வழி அது. தொட்டியைச் சுவரோடு ஒட்டி ஒரே வரிசையில் வையுங்கள். கைப்பிடிச் சுவரின் மேல் ஒருபோதும் வேண்டாம், பத்தாவது மாடியிலிருந்து விழும் இரண்டு கிலோ மண் ஆளைக் கொல்லும். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்தால் ஒன்றுவிட்டு ஒருநாள் கவிழ்த்துத் துடைக்க வேண்டும். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் போதும். தட்டே இல்லாமல், கீழே ஒழுகாதபடி கொஞ்சமாக ஊற்றுவது இன்னும் நல்லது. மேல்மண் கெட்டியாகித் தண்ணீர் தேங்கினாலும் கொசு முட்டையிடும், வாரம் ஒருமுறை முள்கரண்டியால் கிளறிவிடுங்கள். டெங்கிக் காய்ச்சலுக்கு நிலவேம்பு வளர்க்கிறேன் என்று சொல்லி அதன் தட்டில் டெங்கிக் கொசு வளர்க்கிற வீடுகள் இருக்கத்தான் செய்கின்றன.

மண் கலவை: நர்சரியில் பையில் கிடைக்கும் வறுத்த மண் ஒரு பங்கு, ஊறவைத்துப் பிழிந்த தேங்காய் நார்த்தூள் ஒரு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு. நார்த்தூளைக் காய்ந்தபடியே போடாதீர்கள், அது முதல் ஒருவாரம் வேரின் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். வறுத்த மண் ஓராண்டில் பொடிந்து இறுகிவிடும், பிறகு தண்ணீர் வடியாது. 'முன்னெல்லாம் நன்றாக வந்தது, இப்போது மஞ்சளாகிறது' என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஆண்டுக்கொருமுறை மண்ணை மாற்றினால் சரியாகும்.

கற்பூரவல்லிதான் நாலில் எளியது. ஒரு சாண் நீளக் கிளை, அடி இரண்டு ஜோடி இலையைக் கிள்ளிவிட்டு, வெட்டிய முனையை நிழலில் அரைநாள் ஆறவிட்டு நடுங்கள். ஐந்து நாள் நேரடி வெயில் வேண்டாம். இரண்டு வாரத்தில் வேர்விடும். 20 சென்டிமீட்டர் தொட்டி போதும். இலையே தண்ணீர்த்தொட்டி மாதிரி சதைப்பற்றோடு இருப்பதால் இது வறட்சியில் சாகாது, பாசத்தில் சாகும். விரலை மண்ணில் இரண்டு சென்டிமீட்டர் விட்டுப் பாருங்கள், ஈரம் தட்டினால் ஊற்ற வேண்டாம். டிசம்பரில் வடகிழக்குப் பருவமழைச் சாரல் காரிடாருக்குள் அடிக்கும், அப்போது உள்ளே தள்ளி வையுங்கள். தண்டின் அடி கறுத்துக் குழைந்தால் வேர் அழுகிவிட்டது என்று பொருள். அந்தச் செடியை மருந்து ஊற்றிக் காப்பாற்ற முயலாமல், கறுப்புக்கு மேலே நல்ல தண்டாக வெட்டிப் புதிதாக நடுங்கள். கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு இலை சிறுத்தால் வெளிச்சம் போதவில்லை. வெள்ளைப் பஞ்சு ஒட்டியது போலத் தெரிவது மாவுப்பூச்சி. பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு கலந்த நீரில் பஞ்சை நனைத்துத் துடைத்தெடுங்கள். எறும்பு ஏறிக்கொண்டிருந்தால் முதலில் எறும்பைத் தடுங்கள், மாவுப்பூச்சியை அதுதான் சுமந்துகொண்டு வருகிறது.

துளசிக்கு நாலைந்து மணி நேர வெயில் வேண்டும், அதில் சமரசம் இல்லை. வடக்கு பார்த்த இருட்டுக் காரிடாரில் அது ஒல்லியாக நீண்டு, பிறகு போய்விடும். அப்படிப்பட்ட வீடென்றால் தோட்டக் குழுவிடம் கேட்டுக் கீழே நடுங்கள், பூசைக்கு ஒரு கொத்து எடுத்துக்கொள்ளலாம். வெயில் இருந்தும் சாகிறதென்றால் பெரும்பாலும் பூசைத் தண்ணீர்தான் காரணம். காலையும் மாலையும் சொம்பு சொம்பாக விட்டால் எந்த வேரும் தாங்காது. சடங்குக்கு ஓர் உத்தரணி விடுங்கள், தாகத்துக்கு மண்ணைத் தொட்டுப் பார்த்து ஊற்றுங்கள். பாலும் ஊற்ற வேண்டாம், பூஞ்சை பிடிக்கும். பூக்கதிர் தலைகாட்டியதும் கிள்ளிவிடுங்கள். விதை கட்டிவிட்டால் செடி தன் வேலை முடிந்ததென்று முற்றிக் காயத் தொடங்கும். ஒரே ஒரு கதிரை மட்டும் விதைக்கு விடுங்கள்.

வல்லாரை நேர்மாறு. அகலமான, ஆழம் குறைந்த தொட்டி, அரை நிழல், எப்போதும் ஈரம். ஓடுதண்டில் வேர்விட்ட கணு ஒன்றை வெட்டிப் படுக்கவைத்து மேலே லேசாக மண் தூவினால் ஒரு மாதத்தில் தொட்டி நிறையும். தூதுவளைக்குத் தண்டு முற்றியதாக இருக்க வேண்டும், பென்சில் நீளத்தில் வெட்டி மூன்று கணு மண்ணுக்குள் போக நடுங்கள். ஏற ஒரு குச்சி கட்டுங்கள். முள் இருப்பதால் பிள்ளைகள் நடமாடும் பக்கம் வேண்டாம், பக்கத்து வீட்டார் துணி காயவைக்கும் கம்பின் பக்கமும் வேண்டாம்.

பூச்சிக்கு வேப்பெண்ணெய் தெளிக்கலாம். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கால் தேக்கரண்டி பாத்திரத் திரவம். நன்றாகக் குலுக்கி, வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்பக்கம் படத் தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் இலை கருகும். தெளித்து ஒரு வாரம் அந்தச் செடியில் பறிக்க வேண்டாம். இதே வேப்பெண்ணெயை வயிற்றுப்பூச்சிக்கென்று பிள்ளைக்கு உள்ளுக்குக் கொடுக்கும் பழைய பழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள். சின்னக் குழந்தைகளுக்கு அது வலிப்பையும் மூளை பாதிப்பையும் கொண்டுவந்திருக்கிறது.

இனி அடுப்படி. பலரும் தவறுவது ஒரே இடத்தில்: எல்லாவற்றையும் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சுகிறார்கள். துளசி, கற்பூரவல்லி, எலுமிச்சைப்புல் போன்றவற்றில் வேலை செய்வது வாசனை எண்ணெய். வீடே மணக்கிறதென்றால் மருந்து காற்றோடு போகிறது என்று அர்த்தம். இவற்றுக்கு 200 மில்லி நீரைக் கொதிக்கவைத்து அடுப்பை அணைத்து, கிள்ளிய துளசி எட்டுப் பத்து இலை போட்டு, மூடி 7 நிமிடம் வையுங்கள். மூடியில் கோத்த நீரையும் உள்ளேயே தட்டிவிடுங்கள். சுக்கு, மிளகு, அதிமதுரம், வேர், பட்டை போன்ற கெட்டிச் சரக்குக்குத்தான் காய்ச்சும் வேலை: ஒன்றிரண்டாக இடித்த சரக்கு ஒரு பங்கு, நீர் எட்டுப் பங்கு, சிறுதீயில் கால் பங்காக வற்ற வேண்டும். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், எவர்சில்வரோ மண்சட்டியோ சரி. காய்ச்சியதை அன்றே குடித்துத் தீருங்கள். இந்தச் சூட்டில் கஷாயம் மாலைக்குள் புளித்துவிடும்.

கற்பூரவல்லிச் சாறுக்கு இரண்டு மூன்று இலையைக் கழுவித் துடைத்து, சூடான தோசைக்கல்லில் வதங்கும்வரை புரட்டிப் பிழியுங்கள். வாட்டாமல் பிழிந்தால் சாறு வராது, காரம் தொண்டையை அறுக்கும். ஒரு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு அரைத் தேக்கரண்டிச் சாறு, அரைத் தேக்கரண்டித் தேன், நாளுக்கு இருமுறை, மூன்று நாள் வரை. ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய பொட்டுலிசக் கிருமியின் வித்துகள் பெரியவர்கள் குடலில் முளைக்காது, கைக்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு சுரக்கும். அந்த வயதுக்குச் சாறும் வேண்டாம், தாய்ப்பாலே போதும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி காய்ச்சல் வந்தால் வீட்டு வைத்தியமே கிடையாது, நேரே மருத்துவமனை. எந்த வயதுப் பிள்ளையானாலும் மூச்சு வேகமாகி விலா உள்வாங்கினால் அதே பதில்தான்.

தூதுவளை இலையின் அடி நரம்பில் இருக்கும் முள்ளைக் கத்தரிக்கோலால் நறுக்கிவிட்டு, நாலு பேருக்கான ரசத்துக்குப் பதினைந்து இலையை ஒரு தேக்கரண்டி நெய்யில் வதக்கி, மிளகு சீரகத்தோடு அரைத்துக் கரையுங்கள். வல்லாரைத் துவையலுக்கு ஒரு கைப்பிடி இலை, ஒரு தேக்கரண்டி உளுந்து, இரண்டு மிளகாய், சிறு கோலி அளவு புளி, இரண்டு மேசைக்கரண்டி தேங்காய். இலையைப் பச்சை வாசம் போக வதக்கினாலே கசப்பு அடங்கும். ஈரத்தில் தவழ்ந்து வளர்வதால் வல்லாரையில் மண்ணும் நத்தைத் தடமும் இருக்கும், நாலு தண்ணீர் மாற்றி அலசுங்கள். 'நினைவாற்றலுக்கு நல்லது' என்று தேர்வு மாதம் முழுக்கத் தினமும் ஊட்டுவது அதிகப்படி, வாரம் இரண்டு முறை உணவாகப் போதும். கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும்.

ஆவி பிடிப்பது பற்றி ஒரு வார்த்தை. நொச்சியோ கற்பூரவல்லியோ போட்டுப் பெரியவர் பிடிக்கலாம். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கொதிநீர்ச் சட்டியின் மேல் போர்வையைப் போர்த்துவது வேண்டவே வேண்டாம். சளி தானே போகும், வெந்த தோல் அப்படிப் போகாது.

ஊரில் மூலிகையை நிழலில் உலர்த்துவது போல இங்கே செய்தால் பூசணம் பூக்கும். சிங்கப்பூர்க் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டைத் தாண்டும். இலையை ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, ஒருநாள் மின்விசிறியடியில் வைத்து, பிறகு மின்சார அவன் (oven) அடுப்பில் 50 டிகிரியில் கதவை ஒரு கரண்டி நுழையுமளவு திறந்து ஒன்றிரண்டு மணி நேரம் வையுங்கள். கையில் நொறுக்கினால் 'சடக்'கென்று உடைய வேண்டும், வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. கண்ணாடிப் புட்டியில் தேதி எழுதி வையுங்கள், ஆறு மாதத்தில் தீர்த்துவிடுங்கள். கற்பூரவல்லியை உலர்த்த முயல வேண்டாம், அத்தனை சதைப்பற்று காய்வதற்குள் கெட்டுவிடும்.

நிலவேம்பு பற்றிக் கேட்கவில்லை, ஆனால் அடுத்து அதைத்தான் யாராவது கொடுப்பார்கள், எனவே சொல்லிவிடுகிறேன். நிலவேம்புக் குடிநீர் என்பது ஒற்றைச் செடியல்ல. நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், கோரைக்கிழங்கு, பேய்ப்புடல், பற்படாகம், சுக்கு, மிளகு என ஒன்பது சரக்கு. ஐந்து கிராம் பொடிக்கு 200 மில்லி நீர், 60 மில்லியாக வற்றியதும் வடிகட்டி, மூன்று மணி நேரத்துக்குள் குடிக்க வேண்டும். டெங்கியாக இருக்குமோ என்ற சந்தேகம் வந்தால் முதலில் பலதுறை மருந்தகத்தில் இரத்தப் பரிசோதனை. ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் தொடவே கூடாது, இரத்தக்கசிவைக் கூட்டும். காய்ச்சல் இறங்கியதும் குடிநீர் வேலை செய்துவிட்டது என்று நிம்மதியடைவதில்தான் ஆபத்து. டெங்கி முற்றுவது பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் அந்த நாட்களில்தான். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் இரத்தம் என்றால் அவசரப் பிரிவு.

யார் எதைத் தவிர்க்க வேண்டும் என்பதை வீட்டுக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைக்கலாம். கர்ப்பிணிகளுக்கு நிலவேம்பும் ஆடாதோடையும் கூடாது, ஆடாதோடை கருப்பையைச் சுருங்கவைக்கும். இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மருந்து எடுப்பவர்கள் முருங்கைக்கீரையைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது, அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் கணக்கைக் கலைக்கும். மஞ்சளை மாத்திரையாக விழுங்குவதும் அவர்களுக்கு ஆகாது, சமையல் அளவு பரவாயில்லை. நீரிழிவு மாத்திரையோடு நிலவேம்பு சேர்ந்தால் சர்க்கரை தாழ்ந்துபோகலாம். கற்றாழையில் தோலுக்கடியில் வழியும் மஞ்சள் பால் கடும் பேதி, அதைக் கழுவி வடித்துவிட்டுத்தான் உள்ளிருக்கும் சதையைத் தொட வேண்டும். சிறுநீரகக் கல் உள்ளவர்களுக்குக் கீரை வகைகளில் நிதானம் வேண்டும்.

இங்கு பிறந்த பிள்ளைகளுக்கென்று ஒன்று தனியாக உண்டு. சிங்கப்பூரில் 1965 முதல் பிறந்த குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி (சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி) குறைபாட்டுச் சோதனை நடக்கிறது. உங்கள் பிள்ளைக்கு அந்தக் குறைபாடு இருந்தால் பீரோவில் அந்துருண்டை போட்ட துணியும் ஆகாது, கைக்கு மருதாணியும் ஆகாது. இரண்டுமே சிவப்பணுக்களை உடைக்கக்கூடும். மருதாணி வெறும் இலைதானே என்று பாட்டிமார் நினைப்பது இயல்பு. பச்சை இலையாக அரைத்தாலும் அதே வேதிப்பொருள்தான்.

செடி தேடுவோருக்கு: பூங்காவிலும் சாலையோரத்திலும் பறிப்பது குற்றம், பூச்சிமருந்து தெளித்திருப்பார்கள் என்பதும் உண்டு. ஊருக்குப் போய்வரும்போது பெட்டிக்குள் ஆடாதோடைக் கிளையைச் சுருட்டி வைத்துக்கொண்டு வராதீர்கள். தாவர நலச் சான்றிதழும் இறக்குமதி அனுமதியும் இல்லாமல் செடி வரக்கூடாது, மண் ஒட்டிய வேர் வரவே கூடாது. பார்த்துத் தெரிந்துகொள்ளத் தாவரவியல் பூங்காவில் 2011ல் திறந்த நோய்தீர்க்கும் தோட்டம் இருக்கிறது. இரண்டரை ஹெக்டேரில் 400க்கு மேற்பட்ட மூலிகை வகைகளை உடலுறுப்பு வாரியாக நட்டிருக்கிறார்கள். தொடுவதற்குப் பதில் அங்கே படமெடுங்கள். லிட்டில் இந்தியாவின் தேக்காவில் பூசைப்பூக் கடைகளிலும் காய்கறிக் கடைகளிலும் வேப்பிலை, வெற்றிலை, துளசி கிடைக்கும். சமூகத் தோட்டங்கள் 2005ல் தேசியப் பூங்காக் கழகம் தொடங்கிய 'கம்யூனிட்டி இன் புளூம்' திட்டத்தில் பெருகியவை. வேலி இல்லை என்பதால் அது இலவசச் சந்தை ஆகிவிடாது. யாரோ விடியற்காலையில் வந்து தண்ணீர் சுமந்த செடி அது. கேட்டுப் பறியுங்கள், ஒரு செடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள், முதிர்ந்த அடியிலையாக எடுங்கள். வாரம் ஒருநாள் களை பிடுங்கப் போய் நின்றால் கேட்காமலேயே கிடைக்கும்.

அந்த மூவருக்கும் பதில் செய்வது எப்படி என்றால், ரொக்கமோ பரிசுப்பையோ வேண்டாம், கூச்சப்படுவார்கள். சீனப் பெரியவருக்கு வல்லாரை தேவையில்லை, அவரிடம் தூதுவளை இருக்காது. மலாய் மூதாட்டியிடம் சங்குப்பூ ஏற்கெனவே இருக்கலாம், நாசி கெராபுவுக்கு நீலச் சோறு வடிப்பவராக இருப்பார். துளசி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் செடி ஆறு மாதம் நின்று தழைத்தபின் கொடுங்கள், நோயுள்ள செடியைக் கொடுத்தால் அவர்கள் தொட்டியெல்லாம் மாவுப்பூச்சி ஏறும். கொடுக்குமுன் கிளையைத் தண்ணீரில் நன்றாக அலசி, இலையடியைப் பாருங்கள். வெட்டிய முனையை ஈரத் தாளில் சுற்றி ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டினால் இரண்டு நாள் தாங்கும்.

பையோடு ஒரு சீட்டு கட்டுங்கள், அவர்களுக்குப் புரிகிற மொழியில். தூதுவளைக்கு இப்படி எழுதலாம்: "தூதுவளை. முள் உண்டு, கையுறையோடு தொடவும். மூன்று கணு புதையுமாறு நடவும், ஏறக் குச்சி வேண்டும். இலையை மட்டும் சமைக்கவும், நாலு பேருக்குப் பதினைந்து. காய் பறித்துத் தின்ன வேண்டாம். மாத்திரை எடுப்பவர் மருத்துவரைக் கேட்டபின். பிடிக்கவில்லையென்றால் மேல் மாடிக்குக் கொடுத்துவிடலாம், சீட்டோடு."